இடது கைக்கு ஒரு மவுஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொங்கல் விடுமுறையில் எங்களுக்கும் தேவகோட்டையில் இருந்த ஒரு சென்டருக்கும் கம்ப்யூட்டர் கேம் போட்டி என்று எங்கள் முதலாளி அறிவித்துவிட்டார். திரையில் பறந்து வரும் தட்டுகளை மவுஸால் குறி பார்த்துச் சுட வேண்டும். எங்கள் பக்கம் ஆட என்னைத்தான் நிறுத்தினார். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதிக ஸ்கோருக்கு நேராக என் பெயர்தான் இருந்தது.

அந்த ஸ்கோரை எப்படி எடுத்தேன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து இடது கையால் ஆடியது அது. நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. எழுதுவதையும் சாப்பிடுவதையும் வீட்டில் அதட்டி அதட்டி வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். நாலு பேர் முன்னால் இடது கையை நீட்டவே கூசும். வலது கையால் ஆடினாலோ பாதித் தட்டுக்கு மேல் தப்பிவிடும். போட்டியன்று எந்தக் கையால் ஆடுவது? அந்த வாரம் முழுவதும் எனக்கு இதே யோசனைதான்.

அவரவர் மவுஸை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது விதி. எங்கள் சென்டர் மவுஸ்களுக்கு உள்ளே இருக்கும் உருண்டை தேய்ந்துபோய், இழுத்தால் பாதியில் நின்றுவிடும். "நல்லதாப் பாத்து நீங்களே எடுத்துக்கிருங்க" என்று முதலாளி கடைக்கு அனுப்பினார். இப்போது பிள்ளைகள் கேமிங் மவுஸ் என்கிறார்கள். அன்று அப்படி ஒரு பெயர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடை. காலையில் திறந்ததும் போய் நின்றுவிட்டேன். கடைக்காரர் இரண்டு மவுஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரணம். மற்றது கறுப்பு நிறத்தில், உள்ளங்கைக்கு ஏற்றாற்போல வளைந்து, பார்த்த உடனே ஆசையைக் கிளப்பியது. கடைக் கம்ப்யூட்டரிலும் அதே கேம் இருந்தது; கறுப்பு மவுஸை அதில் சொருகி, ஆடிப் பார்க்கச் சொன்னார். எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்தப் பரபரப்பில் என்னையறியாமல் மவுஸை இடது பக்கம் இழுத்து, இடது கையால் பிடித்துவிட்டேன்.

"ஏங்க, இன்னும் போணியாகலங்க. சோத்துக் கையால புடிச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைய முதல் வியாபாரம் இடது கையில் தொடங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. எனக்குத்தான் முகம் சுட்டது. சட்டென்று கை மாற்றினேன். கறுப்பு மவுஸ் வலது கையில் சுகமாக உட்கார்ந்தது. ஆனால் தட்டுகள் எல்லாம் பத்திரமாகப் பறந்து போயின. போதும், இதையே வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று இருந்தது.

என் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூட ஆபீஸ் பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க வந்தவர். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைக்காரரிடம் திரும்பினார்.

"அண்ணே, மொத எனக்கு ரிப்பனக் குடுங்க. நான் சிங்கம்புணரி பஸ்ஸப் புடிக்கணும். போணி என் கையால ஆயிரட்டும். அப்புறம் அவுக எந்தக் கையால வேணாலும் பாக்கட்டும்."

வலது கையால் பணத்தை நீட்டினார். கடைக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். "இப்ப சரிங்க. அங்குட்டுத் தள்ளி வச்சே ஆடுங்க" என்று மவுஸை அவரே இடது பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

இடது கையில் பிடித்ததும் கறுப்பு மவுஸின் சாயம் வெளுத்துவிட்டது. கட்டைவிரலுக்காகக் குழித்திருந்த இடத்தில் என் சுண்டுவிரல் போய் மாட்டிக்கொண்டது. சாதாரண மவுஸைச் சொருகச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் கைக்குள் அடங்கியது. ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று வரிசையாக உடைய ஆரம்பித்தன. கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "அந்தா ஒண்ணு வருது பாருங்க" என்று என்னை முந்திக்கொண்டு துள்ளினார். ஆட்டம் முடிந்து, அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் திரும்பினால், ஆளைக் காணோம். பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

போட்டியன்று அந்தச் சாதாரண மவுஸை வைத்து இடது கையால்தான் ஆடினேன். பின்னால் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. முதல் சில தட்டுகள் தப்பிப் போயின. பிறகு சிரிப்பும் கேட்கவில்லை, கூட்டமும் தெரியவில்லை. ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். முதலாளி போட்ட சத்தம் வீதி வரை கேட்டிருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அவர் கடைக்காரரிடம் சண்டை போடவில்லை, எனக்குப் புத்தியும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் மனம் நோகாமல் ஒரு வழி செய்துவிட்டுப் போய்விட்டார். அவரைப் போல ஒரு தடவையாவது யாருக்காவது நடந்துகொள்ள வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.