மணிக்கட்டு சொன்னதும் நான் சொன்னதும்

ஜப்பான்காரன் காலத்தில் நான் சொன்ன ஒரு பொய்யால் எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் சாகக் கிடந்தாள். அப்பன் முருகன் என்னை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருப்பது இதைச் சொல்லி முடிக்கத்தானோ என்னவோ. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாய் நாட்டில் குருண் பக்கம். சண்டைக்கு முன்னால் நான் பால் மரம் வெட்டுகிறவன்தான், மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கிறவன். திருவிழா வந்தால் மட்டும் மனசைப் படிக்கிற வித்தைக்காரன். சுங்கைப் பட்டாணிக்கு வந்த ஒரு சர்க்கஸ்காரரிடம் கற்றுக்கொண்டது. கூட்டத்தில் ஒருத்தர் மோதிரத்தை எங்காவது ஒளித்துவைப்பார். என் கண்ணைத் துணியால் கட்டியிருப்பார்கள். ஒளித்தவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அந்த இடத்தையே நெனச்சுக்கிட்டு இருங்க" என்று சொல்லி நடப்பேன். தப்பான பக்கம் திரும்பினால் அவர் கை விறைத்துக்கொள்ளும். சரியான பக்கம் போனால் இளகிவிடும். கிட்டே போய்விட்டால் நாடி துள்ளும். அவருக்கே தெரியாமல் அவர் கை என்னைக் கூட்டிக்கொண்டு போகும். இவ்வளவுதான் வித்தை.

ஆனால் நான் அப்படிச் சொல்லவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, "முருகன் காட்டினான்" என்றேன். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு எனக்கு இனித்தது.

ஜப்பான்காரன் வந்த பிறகு பால் வெட்டு குறைந்து போனது. மரங்களைச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனோம். தோட்டத்து ஸ்டோரில் அரிசி இருந்தது. அது முகாம் சிப்பாய்களுக்கு. எங்களுக்குக் கிழங்குதான். ஒரு நாள் அந்த ஸ்டோரில் ரெண்டு மூட்டை அரிசியைக் காணோம்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூடியபோது சிப்பாய்கள் சுற்றி நின்றார்கள். ஸ்டோர் சாவி தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியிடம்தான் இருக்கும். அதனால் முதல் அடி அவருக்கு விழுந்தது. ஜப்பான் ஆபீசர் அவரை மண்டி போட வைத்து, பூட்ஸ் காலால் வாயிலேயே உதைத்தான். ரெண்டு பல் ரத்தத்தோடு மண்ணில் விழுந்ததை நான் பார்த்தேன். மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது கிராணி கையெடுத்துக் கும்பிட்டு, துரையை மலாய்ப் பேச்சில் கூப்பிடுகிற மாதிரி துவான், துவான் என்று கத்தி, என்னைக் காட்டினார்.

"இவன் மனசப் படிப்பான் துவான்! இவன் கண்டுபிடிச்சிடுவான்!"

உயிருக்குப் பயந்த மனுஷன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஊரை அப்படி நம்ப வைத்தது யார்? நான்தானே.

ஆபீசருக்கு மலாய் கொஞ்சம் தெரியும். அவன் சொன்னதைக் கிராணி உடைந்த வாயோடு எங்களுக்குத் தமிழில் சொன்னார். சாயங்காலத்துக்குள் திருடன் பெயர் வேண்டும். இல்லாவிட்டால் பத்துப் பேருக்கு ஒருத்தன் தலை. சொல்லிவிட்டு வாளை உறையிலிருந்து பாதி இழுத்துக் காட்டினான்.

ஆம்பளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். நான் ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்து, "அரிசி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனேன். எல்லாக் கையும் நடுங்கியது. பயத்தில் எல்லாருமே திருடன் மாதிரிதான். எங்களில் ஒரு வாயாடி உண்டு. அந்த நேரத்திலும் அவன் விடவில்லை. உதட்டை அசைக்காமல், "அண்ணே, என் மனசுல சோறு மட்டும்தான் இருக்கு. அதையும் புடிச்சுக் குடுத்துடாதீங்க" என்றான். பின்னாலிருந்த சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவன் முதுகில் இடித்தான். அவன் முகம் குப்புற விழுந்தான். அவன் முனகல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் அடுத்த கையைப் பிடித்தேன்.

கடைசிக்கு முந்தின கை நடுங்கவில்லை. கட்டைபோல விறைத்திருந்தது. நடுக்கத்தை அவன் அடக்கிப் பிடித்திருந்தான். "அரிசி" என்றேன். நாடி என் விரலை உதைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு ரெண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன். நாலு பிள்ளைகள். சின்னது வயிறு வீங்கிக் கிடந்தது.

"அண்ணே," என்றான், காற்று மாதிரி. "புள்ளைங்கண்ணே."

நான் கையை விட்டுவிட்டு அடுத்தவனிடம் போனேன். ஆனால் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு வந்த யோசனையைப் பெரிய புத்தி என்று நினைத்தேன். கொசுக்காய்ச்சலில் ஒருத்தன் செத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. செத்தவனை யார் அடிக்க முடியும்? ஆபீசரைப் பார்த்து, கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து, திருவிழாவில் செய்வதுபோலவே செய்து, அந்த இறந்தவன் பெயரைச் சொன்னேன். அரிசியைச் சாகிறதுக்கு முன்னாலேயே எடுத்து விற்றுவிட்டான் என்றும் சேர்த்துச் சொன்னேன். முருகன் காட்டினான் என்றும் சொன்னேன்.

ஆபீசர் உடனே நாலு சிப்பாய்களை அந்த வீட்டுக்கு அனுப்பினான்.

நான் மறந்தது இதுதான். அன்றைக்கு அவனுக்கு எட்டாம் நாள் படையல். கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தாலும் செத்தவர்களுக்குச் சோறு வைக்காமல் எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். எங்கெங்கோ மிச்சம் பிடித்து, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று எங்கள் வரிசை வீடுகளான லயமே அந்த விதவைக்குக் கொடுத்திருந்தது. என் பெண்டாட்டியும் முந்தானையில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிஷத்தில் நினைப்பு வரவில்லை.

சிப்பாய்கள் அந்தச் சட்டியைக் கொண்டுவந்தார்கள். கூடவே அவளையும் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வெள்ளைச் சேலை முழங்கால் வரை கிழிந்திருந்தது.

ஆபீசர் சட்டியைக் கவிழ்த்தான். அரிசி மண்ணில் சிதறியது. "மூட்டை எங்கே?" என்று கேட்டான். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "இது படையலுக்குங்க. அவருக்குப் படைக்கிறதுக்குங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ரப்பர்க் கம்பால் அடித்தார்கள். முதுகில் அடித்தார்கள், பிறகு காலில், பிறகு பார்த்த இடத்தில். கம்பு உடைந்ததும் இன்னொன்று வெட்டிவந்தார்கள். வரிசையில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்தவர்கள்தான் எல்லாரும். கொடுத்தோம் என்று சொன்னால், அந்த அரிசி உங்களுக்கு ஏது என்று அடுத்த கேள்வி வரும். நிஜமாக எடுத்தவன் தலை குனிந்து நின்றான்.

அவள் குரல் நின்றுபோனது. தண்ணீரை ஊற்றி எழுப்பினார்கள். ஆபீசர் வாளை முழுசாக உருவினான்.

நான் ஓடிப்போய் அவன் காலடியில் விழுந்தேன்.

"பொய் துவான். நான் சொன்னது எல்லாம் பொய். எனக்கு மனசப் படிக்கத் தெரியாது. அது வெறும் ஏமாத்து வித்தை."

கிராணி அதை மலாயில் சொல்ல, ஆபீசர் சிரித்தான். அவனுக்கு ஒரு விளையாட்டுத் தோன்றிவிட்டது. மரத்துப் பாலைப் பிடிக்கிற பத்து மங்குக் கிண்ணங்களை வரிசையாகக் கவிழ்க்கச் சொன்னான். என்னைத் திரும்பி நிற்க வைத்து, ஒன்றின் அடியில் துப்பாக்கிக் குண்டு ஒன்றை வைத்தான். கிராணி மட்டும் பார்க்கட்டும் என்றான். பிறகு கிராணி கையை என் கையில் கொடுத்தான்.

"கண்டுபிடித்தால் நீ நிஜமான ஆள். அப்படியானால் நீ முதலில் சொன்னது நிஜம்; இவள் திருடி, தலை போகும். கண்டுபிடிக்காவிட்டால் நீ பட்டாளத்தை ஏமாற்றியவன். பிறகு உன்னோடு பேசிக்கொள்கிறேன்."

கிராணியின் மணிக்கட்டைப் பிடித்தேன். மூணாவது மங்கைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. கை இளகி, முன்னால் இழுத்தது. ஆறாவது மங்கு. நாடி அடித்த அடி என் தோள் வரை ஏறியது. அத்தனை வருஷத்தில் ஒரு கை இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. பழக்கத்தில் என் கால் தானாக அங்கே நின்றுவிட்டது. அதை நகர்த்துவதற்கு நான் பட்ட பாடு அந்த முருகனுக்குத்தான் தெரியும். கிராணி கை கல்லாக விறைக்க விறைக்க, அவரை இழுத்துக்கொண்டு ஒன்பதாவதுக்குப் போய், அதை எத்தித் தள்ளினேன். அடியில் மண்தான் இருந்தது.

சிப்பாய்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "பாகேரோ" என்று தன் பாஷையில் திட்டிக்கொண்டே ஆபீசர் என் கன்னத்தில் விட்ட அறையில் இன்றுவரை இடது காது மந்தம். அப்புறம் என் வலது கையைப் பெரட்டு மேடைக் கல்லில் வைக்கச் சொன்னான். துப்பாக்கிக் கட்டை மூன்று தடவை இறங்கியது. முதல் தடவை எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. மற்ற ரெண்டும் நினைவில் இல்லை.

கண் விழித்தபோது அவளை விட்டுவிட்டுச் சிப்பாய்கள் போயிருந்தார்கள். யார் தலையும் போகவில்லை; அதற்குப் பதில் தோட்டத்துக்கே ஒரு வாரம் கிழங்கும் கிடையாது என்று தண்டனை. பெண்கள் குனிந்து மண்ணிலிருந்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாலு நாள் கழித்துத்தான் என்னால் நடக்க முடிந்தது. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். அவள் குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார்கள்.

"தங்கச்சி, என்ன மன்னிச்சிடும்மா."

அவள் முகத்தைத் திருப்பவில்லை. "நான் அடி வாங்குனது போவட்டுண்ணே. நீங்களும்தான் வாங்குனீங்க. ஆனா அந்த மனுஷன் ஒருத்தர் வீட்டு உப்புக் கல்ல எடுத்தது இல்ல. சாமி சொன்னதா சொல்லி அவரத் திருடனாக்கிட்டீங்களே. லயத்துல பாதிப் பேரு இப்ப அப்படித்தான் நம்புறாங்க. போயி வீடு வீடா சொல்லிட்டு வாங்க."

"யாரு எடுத்தான்னு கேப்பாங்களேம்மா."

"அது எனக்குத் தெரிய வேணாம்."

அன்றைக்கே கிளம்பினேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அவரு திருடல. முருகன் எனக்கு எதையும் காட்டல. நான் பொய் சொன்னேன்" என்றேன். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் காறித் துப்பினார்கள். நான் துடைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

நிஜமாக எடுத்தவன் வீடும் வந்தது. நாலு பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் பின்கட்டுக்குப் போய்விட்டாள். மற்ற வீட்டில் சொன்ன அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னேன். ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை.

அவன் என் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "சரிண்ணே" என்றான்.

இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது. நான் படியிறங்கினேன்.