மூச்சு விடாத விளக்கு

எங்கள் ஊரில் ஓட்டை என்று ஒன்றைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. கூரையோ, தண்ணீர்த் தொட்டியோ, கிழிந்த ரப்பர் பூட்ஸோ, எதுவானாலும் சரி, வண்டியின் பின்னால் கிடக்கும் வெள்ளைப் படகுப் பசையை எடுத்து ஒரு பிதுக்கு, விரலால் ஒரு தடவல், முடிந்தது வேலை. கடலில் சிங்கி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு ஓட்டை என்றால் எமன். அதை நான் குறை சொல்லவில்லை. அதே புத்தியைக் கொண்டுவந்து கார் ஹெட்லைட்டில் காட்டுவார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் மெய்ன் மாநிலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைச் சோதித்துக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எங்கள் ஊரான பிளேக்ஸ் குடாவில் அந்த உரிமம் உள்ள ஒரே பட்டறை என்னுடையது. சுவரில் கொட்டை எழுத்தில் நானே எழுதி மாட்டியிருக்கிறேன்: ‘ஹெட்லைட் படகு இல்லை.’ ஒரு பயலும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

விளக்கு எரிந்தால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும். அணைந்தால் குளிர்ந்து சுருங்கும். அதற்காகவே பின்பக்கம் சுண்டுவிரல்கூட நுழையாத ஓர் ஓட்டை வைத்து, வளைந்த ரப்பர் மூடி ஒன்று மாட்டியிருப்பார்கள். விளக்கு மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். கண்ணாடி விளிம்பில் விரிசல் விட்டு ஈரம் உள்ளே போனால் விரிசலை அடைக்கலாம், தப்பில்லை. நம் ஆட்களோ முதல் வேலையாக மூச்சு விடும் ஓட்டையை அடைப்பார்கள். அப்புறம் உள்ளே போன ஈரம் எங்கே போகும்? கண்ணாடியில் படிந்து, துளியாகி, வழிந்து, அடியில் குளம் கட்டி நிற்கும்.

இப்படி அடைப்பவர்களில் மன்னன் வைனல். வயது அறுபத்து மூன்று. ஒன்பது வயதில் அப்பாவோடு படகேறியவன். பதினாலாவது வயதில் இரை வெட்டும் கத்தி அவன் வலது கட்டைவிரலை நீளவாக்கில் பிளந்துவிட்டது. ஆறிய பிறகும் தழும்பு போகவில்லை. அதனால் அவன் தடவிய பசையின் நடுவில் மெல்லிய வரி ஒன்று எப்போதும் ஓடும். மாதா கோயில் ஜன்னலில், தபால் நிலையத்துக் கூரை ஓரத்தில், பள்ளிக்கூடத்து மீன் தொட்டியில், எங்கே பார்த்தாலும் அந்த வரியைப் பார்க்கலாம். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வருவான், அடைப்பான், போவான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மட்டும் அவனுக்கு வராது.

என் புருஷன் என்னை விட்டுப் போன வாரம் ஊரே வந்து வந்து துக்கம் விசாரித்தது. வைனல் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டினேன். மறுநாள் பார்த்தால் என் சமையலறை ஜன்னலைச் சுற்றிப் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் வரி. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஊதல் காற்று வரவே இல்லை. நான் அழுதது அதைப் பார்த்துத்தான்.

அவனுக்கு ஒரே தங்கை, ஏவிஸ். கடலுக்குள் நீண்டிருக்கும் முனையில் தனியாக இருக்கிறாள். தானாக வண்டி ஓட்ட முடியாதவர்களைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதுதான் அவள் வேலை. வாரத்தில் ஐந்து நாள் விடிகாலையில் கிளம்பிவிடுவாள். அண்ணனும் தங்கையும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு படகு. எங்கள் பக்கம் படகுக்கு வீட்டுப் பெண்ணின் பெயரைத்தான் வைப்பார்கள். அவர்களுடைய அப்பா தன் படகுக்கு மகள் பெயரை வைத்திருந்தார், ‘ஏவிஸ் மே’ என்று. அப்பா போன பிறகு வைனல் புதுப் படகு வாங்கி மனைவி பெயரை எழுதினான். அதிலொன்றும் குற்றமில்லை. ஆனால் பழைய படகைக் கரையில் இழுத்துப் போட்டு, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஏவிஸ் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னையே கொளுத்திவிட்டான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவள்தான். அதற்குப் பிறகு அவன் பெயரை அவள் எடுத்ததில்லை.

சென்ற ஜூன் மாதம் மூடுபனி வழக்கத்தைவிட அதிகம். காலையில் கதவைத் திறந்தால் எதிரே கடல் இருக்காது, ரோடு இருக்காது, தீவுகள் இருக்காது. தூரத்தில் மிதவையின் மணி மட்டும் ஒலிக்கும். கடற்பறவை எங்கிருந்தோ கத்தும். அந்த நாட்களில் ஊரே தூக்கத்தில் நடப்பது போலத் தோன்றும் எனக்கு. அப்படி ஒரு காலையில் பனிக்குள்ளிருந்து ஒன்றரை வெளிச்சத்தோடு ஏவிஸின் கார் வந்து என் பட்டறை முன்னால் நின்றது. வலது விளக்கு பளிச்சென்று எரிந்தது. இடது விளக்கு தூக்கக் கலக்கத்தில் இருந்தது.

குனிந்து பார்த்தேன். விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பசை, நடுவில் வரி. பின்பக்கம் கைவிட்டால் மூச்சு ஓட்டையில் கட்டியாக ஓர் அடைப்பு. உள்ளே கண்ணாடியெங்கும் ஆவி படிந்திருந்தது. பல்பை எரியவிட்டேன். சூடு ஏற ஏறத் துளிகள் நகர்ந்து, கூடி, இறங்கின. வெளியே ஊரை மூடியிருந்த பனியின் ஒரு சிட்டிகை அந்தக் கண்ணாடிக்குள் அகப்பட்டுக்கொண்டு, தனக்கென்று ஒரு வானமும் மழையும் வைத்துக்கொண்டிருந்தது. கோபத்தை மறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் கோபம் வந்தது. தண்ணீர் தேங்கிய விளக்குக்கு ஸ்டிக்கர் கிடையாது, அடைப்பை வெட்டி எடுக்கப் போகிறேன் என்று கத்தியை எடுத்தேன். ஏவிஸ் என் கையைப் பிடித்துவிட்டாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி முடித்து வெளியே வந்தபோது வண்டியில் இந்தப் பசை இருந்ததாம்.

“வெட்டாம வேற ஏதாவது பண்ணு, டார்லீன்.”

“வேற என்ன பண்ண? வாயால ஊதிக் காய வைக்கவா?”

“இது அவன் கை. வீட்டுக்கு வரல, ஒரு போன் இல்ல. ஆனா என் வண்டி முன்னால முட்டி போட்டு உக்காந்திருக்கான். இதைப் போய் வெட்டுன்னு சொல்றியே.”

பழைய ஸ்டிக்கர் அந்த மாதத்தோடு முடிகிறது, அதற்கு நாலு நாள்தான் இருந்தது. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் அவள் வண்டி நிற்கும், அவளை நம்பியிருக்கும் நோயாளிகள் திண்டாடுவார்கள். பசையை வெட்டினாலோ, பதினோரு வருஷத்தில் அண்ணன் அனுப்பிய ஒரே சேதி குப்பைக்குப் போகும். விளிம்புப் பசை இருக்கட்டும், பின்னால் இருக்கும் கட்டியை மட்டும் எடுக்கிறேன் என்று கெஞ்சினேன். ஒரு நூல்கூடத் தொடாதே என்றுவிட்டாள். அப்படியானால் போட்டவனே வந்து எடுக்கட்டும், போய்க் கூப்பிடு என்றேன். அவள் காரில் ஏறிப் பனிக்குள் போய்விட்டாள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே நான் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். அன்று மத்தியானமே படகுத்துறைக்குப் போனேன். வைனல் இரைப் பீப்பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான். போனதும் பிடித்துக்கொண்டேன். ஊரில் உள்ள ஓட்டையெல்லாம் உன் தாத்தா சொத்தா, விளக்கின் மூக்கை அடைத்து வைத்திருக்கிறாயே, மண்டையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“நான்தான்னு யாரு கண்ணு சொன்னா?” என்றான். அவனுக்குக் கிழவன் குமரி எல்லாருமே கண்ணுதான்.

“உன் கட்டைவிரல் சொல்லிச்சு.”

பீப்பாயைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

“என் மொத வரிசை இறால் கூண்டெல்லாம் முனை ரோட்டுக்குக் கீழ கடல்லதான் கெடக்கு. நான் கயிறு இழுக்குற நேரத்துக்குத்தான் அவ வண்டி மேல போகும். மூடுபனில வேற ஒண்ணும் தெரியாது கண்ணு. ரெண்டு வெளிச்சம் மட்டும் மெதுவாப் போகும். சரி, நல்லா இருக்கான்னு நெனச்சுக்குவேன். இந்த வருஷம் ஒண்ணு மங்கிப்போச்சு. இன்னொண்ணும் போயிட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

திட்டுவதற்காக வாய்க்குள் வைத்திருந்த மீதி வார்த்தைகளை விழுங்கிக்கொண்டேன். நாளைக்குக் காலையில் பட்டறைக்கு வா, கத்தி நான் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தான். நான் ஏவிஸையும் வரச் சொல்லியிருந்தேன், அவன் வருவதை மட்டும் சொல்லவில்லை. அவள் பழைய டயர்மேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள், ஆனால் எழுந்து போகவில்லை. கழற்றிய விளக்கு மேஜைமேல் இருந்தது. கத்தியை நீட்டினேன்.

“நாப்பது வருஷமா அடைச்சிட்டு இருக்கேன்,” என்றான் வைனல். “தொறக்கச் சொன்ன மொத ஆளு நீதான்.”

விளிம்பைத் தொடாமல் பின்பக்கக் கட்டியை மட்டும் சுற்றி அறுத்து எடுத்தான். அவன் கட்டைவிரல் அழுந்திய இடத்தில் வரி தெளிவாகத் தெரிந்தது. ஏவிஸ் கையை நீட்டி அதை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். விளக்கைச் சாய்த்தேன், நாலு தேக்கரண்டித் தண்ணீர் வடிந்தது. புது ரப்பர் மூடி மாட்டுவதற்கு முன்னால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து அந்த ஓட்டையருகே பிடித்தேன்.

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடியின் நடுவில் முதலில் ஒரு காசளவு தெளிந்தது. அது மெல்ல அகன்றது. உள்ளே இருந்த குட்டி வானம் ஓரங்களுக்கு ஒதுங்கி, மெலிந்து, எங்கே போயிற்று என்று தெரியாமல் போயிற்று. வெளியேயும் பனி விலகத் தொடங்கியிருந்தது. பட்டறைக் கதவு வழியாக முதலில் ரோடு வந்தது, பிறகு தண்ணீர், பிறகு பக்கத்துத் தீவு. டிரையரை அணைத்தேன்.

“என் பேரு வச்ச படகை ஏன் கொளுத்துனே?” என்று கேட்டாள் ஏவிஸ்.

வைனல் கத்தியை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான்.

“வாங்க ஒருத்தன் வந்தான். பேரைச் சுரண்டிட்டுத் தன் பொண்டாட்டி பேரை எழுதப்போறேன்னான். உன் பேரை இன்னொருத்தன் சுரண்டுறதை என்னால பாக்க முடியாது.”

“அன்னிக்கே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

“சொல்ல வரல.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் விளக்கைப் பார்த்தபடியே மீதியையும் சொன்னான். “பேரு எரியல. பலகையை முன்னாடியே அறுத்து எடுத்துட்டேன். கொட்டகையில இருக்கு. ஈரம் படக்கூடாதுன்னு பிளாஸ்டிக்ல சுத்தி, நாலு பக்கமும் பசை போட்டு வச்சிருக்கேன்.”

ஏவிஸ் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த என் போர்டைப் பார்த்தேன்.

“அதுக்கு மூச்சு விட ஓட்டை வச்சியா?” என்று கேட்டாள்.

பதினோரு வருஷக் கோபத்தையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும். எனக்கும் அதே கதிதான். விளக்கை மாட்டி, ஸ்டிக்கரை ஒட்டினேன். இரண்டு விளக்கும் பட்டப்பகலில் எரிய, அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவன் கொட்டகைக்கு ஓட்டிப் போனாள்.

அந்தப் பலகை இப்போது ஏவிஸின் வாசல் கதவுக்கு மேலே இருக்கிறது. உள்ளே அடைபட்டிருந்த ஈரத்தில் முதல் இரண்டு எழுத்தும் கறுத்து, மக்கி, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கின்றன. வைனல் பெயிண்டு டப்பாவோடு போய் நின்றிருக்கிறான். அவள் விடவில்லை. இங்கே தான் அழுததைப் போல அவன் கொட்டகையிலும் தன் பெயர் பதினோரு வருஷம் நனைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அது அப்படியே தெரியட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.