இரண்டு பொன்னாடைகளும் ஒழுகும் கூரையும்

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். பெட்டியில் முறுக்கு, மிளகாய்த்தூள், என் தோழி மாலதிக்கு ஒரு சுங்குடிச் சேலை, எல்லாவற்றுக்கும் மேலே கசங்காமல் மடித்த இரண்டு பொன்னாடைகள். திருச்சி சின்னக்கடை வீதியில் ஒன்று நூற்றெண்பது ரூபாய் என்று பேரம் பேசி வாங்கியவை. லண்டனில் பொன்னாடை கிடைக்காதா என்று போனில் கேட்டதற்கு, கிடைக்கும், ஆனால் அந்த விலைக்கு ஒரு சேலையே எடுத்துவிடலாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.

மாலதி யாழ்ப்பாணத்துக்காரி. சண்டைக்காலத்தில் திருச்சிக்கு வந்து என்னோடு கல்லூரியில் படித்தாள். பிறகு லண்டன் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். ரயிலில் வரும் வழியெல்லாம் என் முழங்கால் வலி, அவள் மகளின் கல்யாணம் என்று எல்லாம் பேசினாள். பொன்னாடையை மட்டும் விசாரிக்கவில்லை. நானாகச் சொன்னபோதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரிக்ஸ்டனில் ரயிலை விட்டு வெளியே வந்து 109 பேருந்தைப் பிடித்தோம். கட்டணம் ஒரு பவுண்டு எழுபத்தைந்து பென்ஸ். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினால் மறுபடி கொடுக்க வேண்டாம். மாடியில் முன் இருக்கை கிடைத்தது. ஸ்ட்ரெதம் கடைத்தெரு முடியவே முடியாதோ என்று நினைக்கும்படி நீண்டது. நோர்பரியில் தமிழ் எழுத்துப் பலகைகளும் கத்தரிக்காய்ப் பெட்டிகளும் கண்ணில் பட்டதும் எனக்கு உயிர் வந்தது. அங்கிருந்து இன்னொரு பேருந்து. இறங்கிய இடத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று மாலதியின் கணவர் சிவநேசன் அண்ணா கேட்டுக்கொண்டார். காரியம் இன்னும் முழுதாக முடியவில்லை, எழுதிக் கெடுத்துவிடாதே என்பது அவர் கவலை. தென் லண்டனில் ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு பழைய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார். கவுன்சில் என்பது நம் ஊர் நகராட்சி போல. அதே மண்டபத்தில் புதன்கிழமை மதியம் தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு. தமிழர், ஜமைக்காக்காரர், வெள்ளைக்காரர் எல்லோரும் வந்து சோறும் பருப்பும் சாப்பிட்டுப் போவார்களாம்.

பொன்னாடையை வாங்கிச் சோபாவில் விரித்து, சரிகையைத் தடவிப் பார்த்து, நல்லது என்றார் அண்ணா. சமையலறையிலிருந்து மாலதியின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, உதை ஆருக்குப் போத்தப் போறியள்? மண்டபத்தைப் பூட்டப் போறவவுக்கோ?"

அப்புறம்தான் கதை தெரிந்தது. போன வருடப் பள்ளி விழாவுக்குக் கவுன்சிலின் தலைவியை அழைத்து அண்ணா தன் கையாலேயே பொன்னாடை போர்த்தியிருக்கிறார். தேர்தலில் அந்த அம்மாவுக்கே வாக்குப் போடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னவரும் அவரே. இந்த வருடமும் போர்த்த ஒன்று, எதிர்பாராமல் இன்னொரு பிரமுகர் வந்துவிட்டால் கையிருப்பாக ஒன்று, ஆக இரண்டு. நான் வாங்கி வைத்தபின் செய்தி வந்திருக்கிறது. கவுன்சிலிடம் பணம் இல்லை, கூரை ஒழுகும் மண்டபத்தைப் பழுதுபார்க்க முடியாது, ஆகவே மூடிவிடப் போகிறார்கள். வாக்கெடுப்பு வியாழக்கிழமை.

"அவவுக்குப் போத்தினது நான்தானே, தங்கச்சி. இப்ப சனத்தின்ர முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு" என்றார் அண்ணா.

மாலை நான்கரைக்கு என்னை நடக்கக் கூட்டிப்போனார். நவம்பர் மாதம், அதற்குள் இருட்டு கட்ட ஆரம்பித்துவிட்டது. மண்டபத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டிடம் ஒன்று நின்றது. மக்கள் சேவை மையம் என்று கவுன்சில் கட்டியது. கட்டி முடித்த கையோடு சேவைகளெல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்டன, அலுவலர்களில் பாதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். மூன்று மாடிகளில் ஆளே இல்லை, எல்லா மாடியிலும் விளக்கு எரிந்தது. யாரோ நடமாடினால்தான் எரியும் விளக்குகள் என்று விளம்பரம் செய்தார்களாம். இப்போது அணைக்க யாருக்கும் தெரியவில்லை என்று காவலாளி சொன்னதாகச் சொல்லி அண்ணா சிரிக்காமல் நின்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பது வருடம் நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். எங்கள் ஊர்ச் சந்தைக் கட்டிடத்தை மந்திரி வந்து திறந்துவைத்தார், போட்டோ எடுத்தார்கள். காய்கறி வண்டி உள்ளே வர வழி விடவில்லை என்பது அடுத்த நாள்தான் எல்லோருக்கும் தெரிந்தது. இன்றுவரை பூட்டித்தான் கிடக்கிறது என்று அண்ணாவிடம் சொன்னேன். வெள்ளைக்காரன் ஒழுங்காகச் செய்வான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு, அந்தக் கண்ணாடிக் கட்டிடம் வெட்கம்கெட்ட ஒரு ஆறுதலைத் தந்தது.

புதன்கிழமை வெஸ்ட்மின்ஸ்டர் போய் நாடாளுமன்றத்தைப் பார்த்தேன். பார்வையாளர் மாடத்தில் உட்காரக் கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நாற்பது நிமிடம் நின்றதுதான் செலவு. கீழே கோடிக்கணக்கான பவுண்டுகளைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டிடத்துக்கே பெரிய மராமத்து தேவை, எல்லோரும் வெளியேறிப் பழுதுபார்ப்பதா, உள்ளே இருந்துகொண்டே பார்ப்பதா என்று வருடக்கணக்காகப் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்த லீட்ஸ் நகரப் பெரியவர் சொன்னார். வடக்கே வரவேண்டிய அதிவேக ரயில் பாதையைப் பாதியில் வெட்டிவிட்டார்களே என்றும் வருத்தப்பட்டார். நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டதற்கு, எந்தக் கட்சி ரயில் விடுகிறதோ அந்தக் கட்சி என்றார்.

வியாழன் மாலை ஆறரை மணி. கவுன்சில் கூட்ட அறை, கறுத்த மர நாற்காலிகள், மேலே பொதுமக்களுக்கு மாடம். முன்கூட்டியே பெயர் கொடுத்தவர் கீழே மைக் முன் நின்று ஒரு நிமிடத்தில் கேள்வி கேட்கலாம். பதில் வந்தபின் ஒரே ஒரு துணைக் கேள்வி, அதுவும் ஒரு வாக்கியத்தில். நிமிடம் முடிந்ததும் மணி அடிப்பார்கள்.

அண்ணா கோட்டும் டையுமாக எழுந்து நின்றார். கண்ணாடிக் கட்டிடத்தின் விளக்கிலிருந்து கூரையின் ஓடு வரை எல்லாவற்றையும் இரண்டு நாட்களாக மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் நம் மேடைப் பழக்கம் வந்துவிட்டது. அவைக்குத் தலைமை வகிக்கும் மேயர் அவர்களே என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். தலைவி அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, எதிர்க்கட்சியினரே, அலுவலர்களே. பிறகு நன்றி. இத்தனை வருடம் மண்டபத்தைக் கொடுத்ததற்கு நன்றி, குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாயைச் சரிசெய்தவருக்கு நன்றி, முதியவர்களுக்குக் கதவு திறந்துவிடும் காவல்காரர் பீட்டருக்கு நன்றி. இனி விஷயத்துக்கு வருகிறேன் என்றார். மணி அடித்தது.

மாலதி கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைவி எழுந்தார். ஐம்பது வயதிருக்கும், வேலை முடித்து நேரே வந்த களைப்பு. கோபமான கேள்விக்கு எழுதிவைத்த பதில் கையில் இருந்தது. அதைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார். இந்த அறையில் எங்களுக்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேயர் துணைக் கேள்வி உண்டா என்று கேட்டார். அண்ணா தாளைப் புரட்டினார். எந்த வாக்கியத்தை எடுப்பது என்று தெரியாமல் மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

மாடத்தில் இருப்பவர்கள் பேசக்கூடாது. மாலதி பேசினாள்.

"இஞ்சாருங்கோ, வந்து பாக்கச் சொல்லிக் கேளுங்கோ."

ஊழியர் ஒருவர் அவளை முறைத்தார். அண்ணா தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வாக்குப் போடுவதற்கு முன் நீங்கள் சனிக்கிழமை வந்து மண்டபத்தைப் பார்ப்பீர்களா என்று கேட்டார். அவ்வளவுதான்.

தலைவி மறுபடி எழுந்தார். போன வருடம் விழாவுக்கு வந்து மேடையில் உட்கார்ந்துவிட்டுப் போனேன், மண்டபத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும் என்றார். வருகிறேன் என்றார். வாக்கெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும்படி அவரே கேட்டார். அண்ணா தன் கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால் தலைவி எழுதிவைத்த பதிலை வாசித்துவிட்டு உட்கார்ந்திருப்பார் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்துக்குத் தலைவி குடையோடு தனியாக வந்தார். நல்ல மழை. வகுப்பு நடுவே மூன்று வாளிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள். தலைவி ஒரு வாளியைத் தானே எடுத்துப்போய் ஊற்றிவிட்டு வந்தார். எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று ஏணியில் ஏறிப் பார்த்தார். காலியான மாடிகளை வாடகைக்கு விட யாராவது முயன்றார்களா என்று அண்ணா கேட்டதற்கு, இல்லை என்று வெட்கத்தோடு சொன்னார்.

அவர் கிளம்பும்போது அண்ணாவின் கை பழக்கதோஷத்தில் பைக்குள் போனது. சரிகை வெளியே எட்டிப் பார்த்தது. தலைவிக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. போன வருடத்ததே எனக்கு அதிகம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணா மனைவியைப் பார்த்தார்.

"கூரை போட்டாப்பிறகு போத்துவம்" என்றாள் மாலதி. அதை ஆங்கிலத்திலும் சொன்னாள். தலைவி சிரித்துவிட்டு, நியாயம்தான் என்றார். பொன்னாடை மண்டபத்து அலமாரிக்குள், தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு மேலே போயிற்று.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அடுத்த கூட்டம் நடந்தது. மண்டபம் மூடும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது, ஒரு வருடத்துக்கு மட்டும். கண்ணாடிக் கட்டிடத்தின் காலி மாடிகளை வாடகைக்கு விட்டு, வருகிற பணத்தில் வசந்தகாலத்தில் ஓடு மாற்றுவதாக முடிவு. ஒரு வருடம்தானே என்றேன். ஒரு வருடம் பெரிய விஷயம் என்றார் அண்ணா. அன்று இரவு அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஹீத்ரோவில் விடைபெறும்போது அண்ணா ஒரு பொட்டலத்தை என் கைப்பையில் திணித்தார். கையிருப்புப் பொன்னாடை.

"உங்கட சந்தையைத் திறக்கிற ஆளுக்குப் போத்துங்கோ, தங்கச்சி. திறந்தாப்பிறகு."

ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சந்தை பூட்டித்தான் கிடக்கிறது. பொன்னாடை பீரோவில், என் சேலைகளுக்கு மேலே. நேற்று வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். முதலில் எங்கள் தெரு விளக்கு எரிவதற்கு நன்றி சொன்னேன். அவர் காபி கொண்டுவரச் சொன்னார். அதன் பிறகு, என்னோடு ஒரு காய்கறி வண்டியில் ஏறிச் சந்தை வாசல்வரை வருவீர்களா என்று கேட்டேன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டிக்காரரிடம் நானே பேசி வைத்துவிட்டேன்.