பக்கத்து வீட்டுக்குப் போன அரிவாள்மனை

எழுபதுகளில் மயிலாப்பூரில் ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மூன்று மாதம் கீழ்ப்பாக்கத்தில் மனநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பினார். சேலத்தில் வேலை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

அவர் வந்த மறுநாளே பக்கத்துக் குடித்தனத்து அக்கா எங்கள் அரிவாள்மனையை இரவல் வாங்கிப்போனாள். திருப்பித் தரவில்லை. காய் நறுக்குவது எப்போதும் அவர்தான். அவர் தேடியபோது, சாணை பிடிக்கக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவைத்தேன்.

நான்காம் நாள் போய்ப் பார்த்தால், அவளுடைய அரிவாள்மனை கதவோரம் பளபளவென்று இருந்தது.

“உங்களுதே இருக்குதே அக்கா,” என்றேன்.

“ஒன்னுது எங்கிட்டயே இருக்கட்டும்டி. புள்ளைங்க வெளையாடுற வூடு. அவரு எங்கருந்து வந்துகீறாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?”

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மூலையில் கிடந்த எங்களுடையதை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்கும் முற்றத்தில், பீன்ஸோடு அவர் முன்னால் வைத்தேன். அவர் வழக்கம்போல் நுனி கிள்ளிப் பொடியாக நறுக்கினார். அக்கா கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுப்படியிலிருந்து நானும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.