வெள்ளை பூத்த கூன்வண்டு

ஜோதிக்கு ரெங்கராஜ் பன்னிரண்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். முக்கொம்புப் பக்கம் அவருடைய இரண்டு ஏக்கர் வாழையைக் கூன்வண்டு குடைந்து சாய்த்துக்கொண்டிருந்தது. நாற்பது நாளில் நிறுத்திக் காட்டினால் பணம் என்று பேச்சு.

துவாக்குடியில் அவளுக்கு ஒரு வாடகை அறை. அறை முழுக்க ஊறுகாய் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொலை நடக்கும். கும்பிடுபூச்சி தன் புருஷனைத் தலையிலிருந்து கடித்துத் தின்பதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் கொள்ளிடக் கரையில் காளானும் இலையும் பொறுக்கப் போய்விடுவாள். குக்கர் சோற்றில் ஒரு பூஞ்சையையும் வளர்த்து வைத்திருந்தாள். அது வண்டுக்குள் புகுந்து, குடலைத் தின்று, ஓட்டைப் பிளந்து வெள்ளையாக வெளியே வரும். இருபத்தாறு வயசில் இப்படி ஒருத்தியை இந்த ஜில்லாவில் காட்டுங்கள் பார்ப்போம்!

வாழைத்தண்டைப் பிளந்து, உள்பக்கம் அந்தப் பூஞ்சைப் பொடியைத் தடவி, மரத்துக்கு மரம் கவிழ்த்துப் போட்டிருந்தாள். தண்டு வாசனைக்கு வண்டு வரும், பொடி ஒட்டும், போய்ச் சாகும்.

இருபதாம் நாள் ரெங்கராஜ் ஒரு தண்டுத் துண்டைப் புரட்டினார். அடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. புது நோயைக் கொண்டுவந்து விட்டுவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டார். ஜோதி போய்ச் சேர்ந்தபோது, துண்டுகளை அரிவாளால் கொத்திக் குவித்து டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொளுத்தாதீங்க! மருந்தே அதுலதான் இருக்கு!"

"என் தோட்டத்துக்கு எமனைக் கொண்டாந்துட்டு அண்ணனாம்! கிட்ட வந்தே, வெட்டிப்புடுவேன்."

அவள் கிட்டத்தான் போனாள். வீசிய அரிவாள் அவள் வலது முன்கையைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவர் அரிவாளைக் கீழே போட்டார். அவள் இடது கையால் அதை எடுத்தாள். ரெங்கராஜ் இரண்டடி பின்னால் போனார்.

"பயப்படாதீங்க. வண்டு குடைஞ்ச மரம் எது?"

அவர் கைகாட்டிய மரத்தை ஒரே போடாகப் போட்டாள். விழுந்த தண்டை நெட்டுக்குப் பிளந்தாள். குடைந்த பொந்துகளிலிருந்து வண்டுகள் உதிர்ந்தன. அத்தனையும் வெள்ளை பூத்த பிணங்கள். ரெங்கராஜ் நகத்தால் நிமிண்டினார், ஒன்றும் அசையவில்லை.

"பஞ்சு வண்டு மேல இருக்கா, தண்டு மேல இருக்கா? நல்லாப் பாருங்க."

பார்த்தார். தண்டு சுத்தமாக இருந்தது. தலைத்துண்டை உருவி அவள் கையைக் கட்டினார்.

"மரத்து விலையைக் கழிச்சிடாதீங்கண்ணே."

"போம்மா நீ வேற! ஆஸ்பத்திரிக்கு நட."

போகுமுன் மோட்டார் கொட்டகைக்குள் ஓடிப் பையோடு வந்தார். ரத்தம் படாத அவளுடைய இடது உள்ளங்கையில் இருபத்துநாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை எண்ணி வைத்தார். தையல் போட என்று மேலே இன்னும் நாலு.