நடுவில் வெட்டிய ஆசியா

இன்றைக்கும் யாராவது தங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் பழைய ஆசியப் படத்தைக் காட்டி, எவ்வளவு அழகு பாருங்கள் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தேசப்படம் அலங்காரப் பொருளாவதை நான் ஆரணியில் கண்ணால் பார்த்தவள்.

எண்பதுகளில் அங்கே ஒரு மிஷன் பள்ளியில் நான் பூகோள டீச்சர். ஆறாம் வகுப்புச் சுவரில், எந்தக் காலத்திலோ ஒரு துரைசானி விட்டுப்போன ஆசியப் படம் தொங்கியது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டியது. சுற்றிலும் கரை போட்டதுபோலக் குட்டிக் குட்டிப் படங்கள்: தலைப்பாகை ராஜா, கப்பல், ஒட்டகம். பிள்ளைகளுக்கு அதெல்லாம் பெரிதில்லை. ஆற்காடு என்று அச்சாகியிருந்த இடத்துக்குக் கீழே, எனக்கு முன்பிருந்த யாரோ ஒரு டீச்சர் நீல மையில் புள்ளி வைத்து ஆரணி என்று எழுதியிருந்தார். பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஸ்டூல்மேல் ஏறி அந்தப் புள்ளியில் விரல் வைக்கும். சிலருடைய அம்மாக்களும் அப்படி விரல் வைத்தவர்கள்தான். சீனாவும் அரேபியாவும் அதற்குப் பிறகுதான்.

ஒரு வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள், எங்கள் ஊரில் இதையெல்லாம் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹெச்.எம்.முக்குத் தலைகால் புரியவில்லை. படம் ஆபீசுக்கு வர வேண்டும் என்றார். சண்டை போட்டேன்.

"பசங்க கை வச்சி அழுக்காக்கினு இருக்காங்க டீச்சர். இது ஆர்ட்டுங்க."

யாரோ ஒரு தாளாளர் போட்டோவின் பழைய சட்டம் சும்மா கிடந்தது. அதையே போடச் சொல்லி, படத்தை என் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிரேம் கடை வைத்திருந்தவர் நெசவு வீட்டுக்காரர். அண்ணன்மார் இரண்டு பேரும் பட்டுத்தறியில். எரிச்சலில் நானும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன்: "கரை கெடாம பாத்துக்கோங்க. அதுக்குத்தான் இவ்ளோ ஆர்ப்பாட்டம்."

மூன்றாம் நாள் படம் ஆபீஸ் சுவரில் ஏறியது. கிட்டே போய்ப் பார்த்தேன். அரேபியாவுக்கு அடுத்த வீடு பர்மா. நடுவில் இந்தியாவே இல்லை.

கடைக்கு ஓடினேன். மனிதர் நிதானமாகச் சொன்னார். "படம் அகலம், சட்டம் சின்னதுங்க. கரையில கை வைக்கலாமா? புடவைன்னா கரையும் முந்தியும்தானே. அதான் நடு உடம்புல ஒரு ஜாண் எடுத்துட்டு, கரைக்குக் கரை சேர்த்து ஒட்டிட்டேன். ஒட்டு தெரியுதா பாருங்க."

தெரியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"வெட்டின துண்டு எங்க?"

"பின்னாடியே மைதா பசை போட்டு ஒட்டி வச்சிருக்கேன், கெட்டியா இருக்கட்டும்னு. மொகம் உள்பக்கமா இருக்குதுங்க."

ஹெச்.எம். அசரவில்லை. "யாரு அவ்ளோ உத்துப் பாக்கப்போறாங்க?" என்றார். யாரும் பார்க்கவில்லைதான். வருகிறவர்களிடமெல்லாம், "இதுல நம்ம ஊரே இருக்குதுங்க" என்பார். பட்டு முதலாளி, பாதிரியார், கல்வி அதிகாரி எல்லோரும் கண்ணாடியருகே குனிந்து, "ஆமாங்க, இருக்குது" என்றார்கள். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? ஆறாம் வகுப்பில் வெறும் சுவரைக் காட்டி நான் பாடம் நடத்தினேன்.

ஹெச்.எம். மீட்டிங்குக்குச் செய்யாறு போன ஒரு சனிக்கிழமை, படத்தை இறக்கிப் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கினேன். அந்த ஒரு ஜாணையாவது பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும். ஈரத்துணி போட்டுப் பொறுமையாக ஊறவிட்டிருக்கலாம். எனக்கு இருந்த ஆத்திரத்தில் பொறுமை எங்கே வரும்? உரித்தேன், துணியைத் தண்ணீரில் நனைத்துப் பசையை அழுத்தித் தேய்த்தேன். துண்டு முழுசாக வந்தது. அச்சு மை அசையவில்லை. ஆற்காடு பளிச்சென்று இருந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை. நீலம் முழுக்க என் துணியில் இருந்தது.

பேனாவை எடுத்து இன்னொரு புள்ளி வைக்கலாம்தான். அது நான் வைத்த புள்ளியாக இருக்கும்.

அதுவரை கோபப்பட எனக்கு எத்தனையோ பேர் இருந்தார்கள்.