கொஞ்சம் வெயில் கிடைக்குமா?

போன கிழமை மூதூரில் ஒரு வீட்டு முற்றத்தில், எங்கள் வான் வண்டியின் கூரை மேல், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலில் நின்றேன். களவெடுக்க ஏறியவளைப் போல. கீழே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த வீட்டுக்காரி.

அறுபத்தெட்டு வயதுக்காரிக்கு வான் கூரையில் என்ன வேலை? சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பத்தியைக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவர்களுக்கு என் வெட்கம் பழகிப்போனது. பஸ்ஸில் ‘இறக்கம்’ என்று சொல்ல வாய் வராமல், அடுத்த ஆள் இறங்கும் இடம்வரை போய், அங்கிருந்து திரும்பி நடந்து வந்தவள் நான். எழுதும்போது மட்டும் கூச்சமில்லை. உங்கள் முகம் எனக்குத் தெரியாதே...

எனக்குச் சீனி வருத்தம். காலையும் பின்னேரமும் இன்சுலின் ஊசி. அந்த மருந்துப் போத்தலைக் குளிரில் வைக்க வேண்டும். திருகோணமலை வெயிலில் வெளியே வைத்தால் கெட்டுவிடும் என்று கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எங்கே போனாலும் பொழுதுபடமுன் வீட்டுக்கு ஓடி வருவேன்.

ஏன், போன வீட்டுப் பிரிட்ஜில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். கேட்க வேண்டுமே? பாலும் மீனும் முட்டையும் இருக்கிற இன்னொருத்தர் பிரிட்ஜுக்குள் என் ஊசி மருந்தை எப்படி வைப்பது? சரி, பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுபோகலாமே என்பீர்கள். ஒருமுறை கொண்டுபோனேன். ஐஸ் உருகியது. மறுபடி ஐஸ் யாரிடம் கேட்பது?

இதனால் அதிகம் மனம் நொந்தவள் சுபைதா. துறைமுகப் பக்கம் பத்து வருசம் எங்களுக்குப் பக்கத்து வீடு. நடு மதிலில் ஒரு கல்லைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையால் கறிக்கிண்ணம் மாற்றிக்கொண்டவர்கள் நாங்கள். பிறகு அவளுடைய கணவர் மூதூரில் வயலைப் பார்க்க வேண்டி வந்தது. குடும்பமாகப் போய்விட்டார்கள். அவள் மூதூருக்குப் போன அதே வருசம்தான் எனக்கு ஊசி தொடங்கியது.

இருபது வருசமாக அவளிடம் ஒரே கேள்வி. “ஒரு ராவு தங்கிப் போங்களேன் அக்கா?”

என்னிடமும் ஒரே பதில். வீட்டில் கோழி நிற்கிறது. (கடைசிக் கோழி செத்தே ஏழு வருசமாகிறது.)

இவருக்கு — என் வீட்டுக்காரருக்கு — எல்லாம் தெரியும். துறைமுகத்தில் லோஞ்சு எஞ்சின் திருத்தி ஓய்வுபெற்ற மனிதர். அதிகம் கதைக்க மாட்டார். ஒரு நாள் பழைய வான் ஒன்றோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே இருந்த சீற்றுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் அடித்தார். காஸ் அடுப்பு ஒன்று வைத்தார். கடைசியாக, பற்றரியில் ஓடுகிற சின்னப் பிரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே பூட்டினார்.

“உம்மைத் திருத்த என்னால ஏலாது. அதால பிரிட்ஜுக்கு நாலு சில்லுப் பூட்டியிருக்கிறன்.”

ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

ஆனால் பற்றரி ஒரு இரவும் ஒரு பகலும்தான் தாங்கும். வான் ஓடாமல் நிற்கிற நாட்களில் அதற்கு யார் தீனி போடுவது? அதற்குத்தான் சோலார் பனல். இரண்டு வாங்கினோம். ஆள் பிடித்துப் பூட்டுவோம் என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தக் கதையை அதோடு விட்டேன். கடலில் ஓடுகிற லோஞ்சுக்கு வயர் இழுத்த கை, றோட்டில் ஓடுகிற வானுக்கு ஆள் பிடிக்குமா?

கை சம்மதித்தது. முழங்கால் ஏணிக்குச் சம்மதிக்கவில்லை. கடைசியில் மேலே ஏறியது யார்? நான்.

றோட்டில் ஆள் நடமாட முதல் முடித்துவிடலாம் என்று விடிந்ததும் ஏறினேன். கூரைத் தகரத்தில் கடற்காற்றின் உப்புப் பிசுக்கு. அதைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விட வேண்டும். அதற்குப் பிறகுதான் பசை. துளை போட இவருக்கு மனமில்லை. மாரி மழை உள்ளே வந்துவிடுமாம். படகுக்குப் பூசுகிற பசையால் பனலின் கால்களை ஒவ்வொன்றாக ஒட்டினோம். அவர் கீழே நின்று சொல்ல, நான் மேலே இருந்து அமத்த... பனலுக்கும் தகரத்துக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. காற்றுப் போகாமல் சூடேறினால் பனல் சோம்பேறியாகிவிடுமாம்.

அந்த நேரம் பார்த்து மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

“அம்மா, மேல கூடு கட்டுறீங்களோ?”

நான் பனலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கதைக்காத மனிதர் கீழேயிருந்து பதில் சொன்னார்.

“ஓம். முட்டை இட்டதும் சொல்லி அனுப்புறன்.”

பசை இறுக இரண்டு நாள் விட்டோம். பிறகு வயர் வேலை. அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முதலில் பற்றரி வயர், அதற்குப் பிறகுதான் பனல் வயர். அதுவரை பனலைப் போர்வையால் மூடி வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் போதும், ஒருவரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும். மூடினால் ஒன்றுமில்லை, வெறும் கண்ணாடி.

“இப்ப போர்வையை எடும்,” என்றார்.

எடுத்தேன். உள்ளே பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. இவர் வெளியே வந்து, என்னை நிமிர்ந்து பார்த்து, ஒரு தலையாட்டு ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான்.

அப்படித்தான், ஒரு கிழமைக்கான மருந்தோடு, முதல்முறையாகத் தங்குகிற எண்ணத்தில் மூதூருக்குப் போனோம்.

வான் வாசல் படலைக்குள் நுழைந்ததும் சுபைதாவின் கணவர் — நாங்கள் நானா என்போம் — இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“வெயிலுக்க ஏன் விடுறீங்க அண்ணன்? உள்ளுக்கு எடுங்க, மரத்துக்குக் கீழ எடுங்க.”

எங்கள் பக்கத்து ஊர்களில், வந்தவர்களுக்கு முதலில் கொடுப்பது நிழல். தண்ணீர்கூட அதற்குப் பிறகுதான். பெரிய மாமரம். கீழே ஒரு பொட்டு வெயில் இல்லை. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முழங்கையால் இடித்தேன். வந்த காலோடு ஒரு வீட்டில் வெயில் கேட்பதா?

சுபைதா அறையில் புது விரிப்பு விரித்து வைத்திருந்தாள். “நாங்கள் வானிலேயே படுக்கிறம்,” என்றேன். மருந்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி என்ற நினைப்பு. “சரி அக்கா,” என்றாள். வழக்கமாக அவளுடைய ‘சரி அக்கா’ இன்னும் கொஞ்சம் நீளமானது.

மறுநாள் காலை, வயலில் தண்ணீர் இறைக்கிற மோட்டர் நின்றுவிட்டதென்று நானா இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எஞ்சின் என்றால் இவருக்கு விருந்து. பதினொரு மணியளவில் நல்ல காலம்... நிழல் மெல்ல விலகி, கூரையில் பாதிக்கு வெயில் வந்தது. பச்சை லைட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வான் மேல் நீலத் தார்ப்பாய்ப் படங்கு. நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கிறது.

“கண்ணாடி வெயிலுக்கு வெடிச்சிரும் அக்கா,” என்றாள் சுபைதா. மூச்சு வாங்கியது அவளுக்கு. “கதிரை வச்சு ஏறி நான்தான் கட்டின. இனிப் பயமில்ல.”

அவளும் அறுபதைத் தாண்டியவள். என் கண்ணாடிக்காகக் கதிரையில் ஏறியிருக்கிறாள். நான் என்ன சொல்ல? “நல்லது சுபைதா,” என்றேன்.

உள்ளே போய்ப் பார்த்தேன். பச்சை லைட் சிவப்பாகியிருந்தது. முந்தின நாளிலிருந்து மரநிழலில் ஓடிய பற்றரி தீர்ந்துவிட்டது. பிரிட்ஜின் மேலே குளிரைக் காட்டுகிற இலக்கம் ஐந்தில் இருக்க வேண்டியது, ஒன்பது. கொஞ்சத்தில் பதினொன்று. எனக்கிருந்த மருந்து முழுவதும் அதற்குள்ளேதான். இவருக்குப் போன் எடுத்தேன். அந்தப் போன் வானுக்குள்ளேயே, தலையணைக்குக் கீழே அடித்தது.

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சுபைதா பத்தடியில், குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வானின் பின் கதவால் ஏணியை எடுத்து, சத்தமில்லாமல் கூரையில் ஏறி, படங்கின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.

“போகப் போறீங்களா அக்கா?”

கையில் அகப்பையோடு கீழே நின்றாள்.

“இல்ல சுபைதா...”

“போறதெண்டாலும் சாப்பிட்டுட்டுப் போங்க. உங்களுக்கெண்டுதான் மீன் வாங்கின.” அகப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு விளங்காமலா அக்கா? நம்மட வீட்டுல படுக்க உங்களுக்கு மனமில்ல. நம்மட பிரிட்ஜு, நம்மட சட்டி, நம்மட பாய்... பரவால்ல. வானையாவது முத்தத்தில விட்டீங்களே, அது போதும் எண்டுதான் இருந்தன்.”

கூரைத் தகரம் முழங்காலைச் சுட்டது. அந்தச் சூடு அப்போது எனக்குத் தெரியவேயில்லை. நான் மரியாதை என்று நினைத்து மூடி வைத்ததை, இவள் இத்தனை வருசமாக வேறு பெயர் சொல்லி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எனக்கு ஊசி, சுபைதா,” என்றேன்.

“என்ன ஊசி?”

“சீனிக்கு. அதைக் குளிருக்குள்ள வைக்க வேணும். அதுக்குத்தான் உள்ள ஒரு பிரிட்ஜ். பிரிட்ஜுக்குக் கரண்ட் வேணும். கரண்டுக்கு...” படங்கின் நுனியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். “கொஞ்சம் வெயில் வேணும்.”

அவள் அகப்பையால் சூரியனைக் காட்டினாள்.

“குளிரா வைக்கிறதுக்கு வெயிலா?”

“ஓம்.”

“அதைத்தான் நான் படங்கு போட்டு மூடின?”

“ஓம்.”

“நீங்க நல்லது சுபைதா எண்டு சொன்னீங்க?”

“...ஓம்.”

அவள் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. துடைப்பது நிற்கவில்லை.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ட பிரிட்ஜுல வைக்க மாட்டனா?”

“கேக்க வெக்கமா இருந்தது.”

“அவ்வளவுதானா அக்கா?”

“அவ்வளவுதான்.”

“இறங்குங்க,” என்றாள். “மருந்த எடுத்துட்டு வாங்க.”

பிரிட்ஜில் ஒரு தட்டையே வெறுமையாக்கினாள். என் போத்தல்களை மூடியுள்ள சில்வர் டப்பாவில் போட்டு, நடுவில் வைத்தாள். கதவை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். குளிர்கிறதா என்று என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

பின்னேரம் ஆண்கள் இருவரும் வந்தார்கள். கதை கேட்ட நானாவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது.

“நெல்லுக் காயப் போடுற மாதிரித்தானே அண்ணன்? நேத்தே சொல்லியிருந்தா களத்தில விட்டிருப்பமே.”

வானை அவரே வழிகாட்டி, நெல் காயப் போடுகிற சீமெந்துக் களத்தின் நடுவில் நிறுத்தினார். மறுநாள் காலை சுற்றிவர நெல், நடுவில் நாங்கள் கட்டிய வான். ஆனாலும் வந்த ஆட்களின் வாகனத்தை வெயிலில் விட்ட பழி அவருக்குத் தாங்கவில்லை. றோட்டால் போன எல்லோரையும் அவரே கூப்பிட்டுச் சொன்னார். “சும்மா விடல்ல. வான் காயுது.”

மற்ற இரண்டு இரவும் புது விரிப்பில் படுத்தேன்.

அந்த இரவுகளில் ஒன்று தோன்றியது. வாய் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தொந்தரவில்லை என்று என்னைப் போன்றவர்கள் நினைக்கிறோம். ஆனால் நாம் காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில் மற்றவர்கள் ஏதாவது ஒரு காரணத்தை வைத்துத்தானே ஆக வேண்டும்? நம்மீது அன்பு அதிகம் உள்ளவர்கள், தங்களை நோகடிக்கிற காரணத்தையே தேடி எடுத்து வைக்கிறார்கள்.

புறப்படும்போது சுபைதா மருந்தைத் திருப்பித் தந்தாள். ஒரு போத்தல் குறைந்தது.

“அது இங்கயே இருக்கட்டும்,” என்றாள். “அடுத்த மாசம் வந்து போடுங்க. வேற என்ன வேணும் அக்கா?”

கிண்ணியாப் பாலம் தாண்டியதும் தண்ணீர் எடுப்பதற்காக இவர் வானை நிறுத்தி, பிரிட்ஜைத் திறந்தார். என் மருந்து ஒரு மூலையில். மிச்ச இடம் முழுக்க எருமைத் தயிர்ச் சட்டிகள்.

“சுபைதா விடமாட்டாவே. கனக்கத் தந்திட்டா போல?”

“இல்ல,” என்றேன். “நான்தான் கேட்டு வாங்கினனான்.”